16-ஆவது நகர்விலேயே ராணிகள் போய்விட்டால் அது ஆட்டமா?

மே 19, திங்கள், மாலை. தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர்:

நேற்று மண்டபம் ஊரில் நடந்த மாவட்ட அணி செஸ் லீக் சுற்றில் கீழக்கரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலான போட்டியின் இரண்டாம் பலகையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இருவரும் நகர்த்துவதும் எழுதுவதுமாக இருந்தார்களே தவிர யோசித்ததாகத் தெரியவில்லை. 16-ஆவது நகர்வில் ராணிகள் வெட்டுப்பட்டபோது, நகர்வுக்கு 30 விநாடி கூடுதலாகக் கிடைப்பதால், இருவரின் கடிகாரத்திலும் தொடங்கியபோது இருந்ததைவிட அதிக நேரம் இருந்தது. என் மகளுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் அணியில் மூன்றாம் பலகையில் ஆடுகிறாள். அவளுடைய பயிற்சியாளர் காரோ-கான் என்ற இதே தொடக்க வரிசையைத்தான் கற்பித்திருக்கிறார். இது மனப்பாடம் ஒப்பிப்பது, ஆட்டமல்ல என்பது என் கருத்து. வேறு ஓப்பனிங்குக்கு மாற்றச் சொல்லலாமா?

மே 19, இரவு

அந்தப் பலகையில் கறுப்புக் காய்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஆகவே பதில் சொல்லும் கடமையும் என்னிடமே வருகிறது. முதலில் நகர்வுகளைத் தருகிறேன். படிப்பவர்கள் பலகையை எடுத்து வைத்துக்கொண்டால் மேற்கொண்டு எழுதப்போவது எளிதில் விளங்கும். ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வருவது வெள்ளையின் நகர்வு, அடுத்தது கறுப்பின் நகர்வு. எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர், × என்றால் வெட்டு, கேஸ்லிங் என்றால் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது.

1. இ4 சி6 2. டி4 டி5 3. இ×டி5 சி×டி5 4. சி4 குதிரை எஃப்6 5. குதிரை சி3 குதிரை சி6 6. குதிரை எஃப்3 மந்திரி ஜி4 7. சி×டி5 குதிரை×டி5 8. ராணி பி3 மந்திரி×எஃப்3 9. ஜி×எஃப்3 இ6 10. ராணி×பி7 குதிரை×டி4 11. மந்திரி பி5 செக், குதிரை×பி5 12. ராணி சி6 செக், ராஜா இ7 13. ராணி×பி5 ராணி டி7 14. குதிரை×டி5 செக், ராணி×டி5 15. மந்திரி ஜி5 செக், எஃப்6 16. ராணி×டி5 இ×டி5 17. மந்திரி இ3 ராஜா இ6 18. ராணிப் பக்கம் கேஸ்லிங், மந்திரி பி4.

நான்காவது நகர்வில் வெள்ளை சி4 ஆடுவதற்குப் பானோவ் தாக்குதல் என்று பெயர். வாசிலி பானோவ் என்ற சோவியத் ஆட்டக்காரரின் பெயர் அது. காரோ-கான் அதைவிடப் பழையது. ஹொரேஷியோ காரோவும் மார்கஸ் கானும் 1886-இல் அதைப் பற்றி எழுதினார்கள். இவ்வளவு காலமாக உலகமெங்கும் ஆடப்பட்டு வரும் ஒன்றைப் பதினெட்டு நகர்வு வரை இருவரும் நினைவிலிருந்து ஆடியதில் வியப்பில்லை. நான் யோசிக்கவில்லை என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் யோசிக்காமல் ஆடியவை எவை, யோசித்து முடித்துவிட்டு வந்து ஆடியவை எவை என்பதைப் பக்கத்தில் நிற்பவரால் பிரித்தறிய முடியாது.

மே 20, காலை

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, அது உங்கள் கேள்விக்குப் பதிலே அல்ல என்று எங்கள் நான்காம் பலகைக்காரர் தொலைபேசியில் சொன்னார். அவர் விசைப்படகு ஓட்டுபவர், என்னைவிட மூத்தவர், எங்கள் அணியில் எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காலையிலேயே இதையெல்லாம் படிக்க அவருக்கு நேரம் இருக்கிறது. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதால் மீண்டும் எழுதுகிறேன்.

மேலே உள்ள வரிசையில் பல நகர்வுகள் கட்டாயமானவை. உதாரணமாக 12-ஆவது நகர்வைப் பாருங்கள். வெள்ளை உடனே குதிரையை ராணியால் வெட்டியிருந்தால், நான் ராணியை டி7-இல் குறுக்கே வைத்து நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்குப் பதிலாக ராணி முதலில் சி6-இல் செக் கொடுக்கிறது. இப்போது டி7-இல் ராணியை வைத்தால் ஏ8-இல் இருக்கும் யானை போய்விடும். ஆகவே ராஜா இ7-க்கு நடந்தே தீர வேண்டும். அந்த ஒரு நடையால் கறுப்புக்குக் கேஸ்லிங் உரிமை போகிறது, எஃப்8-இல் இருக்கும் மந்திரியின் வழியைச் சொந்த ராஜாவே அடைக்கிறது, எச்8 யானையும் அடைபட்டுக் கிடக்கிறது. காய்க் கணக்கு மட்டும் சமம். ஆளுக்கு ஐந்து சிப்பாய்கள். வெள்ளைக்கு எஃப்-வரிசையில் இரட்டைச் சிப்பாய். இந்த நிலையை மனப்பாடமாக அடைந்துவிடலாம், மனப்பாடமாக ஆட முடியாது.

மனப்பாடத்துக்கு வெளியே, முடிவெடுத்தே ஆக வேண்டிய இடங்கள் மூன்று இருந்தன. ஒன்பதாவது நகர்வில் எனக்கு இ6 அல்லது குதிரை பி6. பதின்மூன்றாவதில் எனக்கு ராணி டி7 அல்லது குதிரை×சி3. பதினைந்தாவதில் எதிராளிக்கு ராணியை உடனே வெட்டுவதா, ஜி5-இல் செக் கொடுத்து என் எஃப்-சிப்பாயை முன்னே இழுத்த பிறகு வெட்டுவதா என்பது. மற்ற நகர்வுகளை வேகமாக ஆடுவதில் எந்தக் குறையும் இல்லை.

மே 20, பிற்பகல்

தொண்டியிலிருந்து எழுதிய நண்பர், எட்டாவது நகர்வில் வெள்ளை ராணியை பி3-க்குக் கொண்டுவராமல் மந்திரியை பி5-இல் வைத்தால் இந்த இறுதியாட்டம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம், வராது என்கிறார். உண்மை. ஆறாவது நகர்விலேயே மந்திரியை ஜி5-இல் வைத்தாலும் வராது. அப்படிப் பார்த்தால், ராணிகள் இல்லாத ஆட்டத்தைக் கறுப்பு மட்டும் தேடிப் போனதாகச் சொல்ல முடியாது. வெள்ளைக்கு விலகிச் செல்லும் வழிகள் முன்னதாகவே இருந்தன. அவரும் விலகவில்லை.

மே 22

13-ஆவது நகர்வைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். குதிரையைக் குதிரையால் வெட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே, எதற்காக ராணியை டி7-இல் வைத்துக் குதிரையை வெட்டக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு 1960-இல் லைப்சிக் நகர ஒலிம்பியாடிலேயே பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவுக்காக ஆடிய பாபி ஃபிஷரும் நெதர்லாந்துக்காக ஆடிய மாக்ஸ் ஆய்வேயும் நான் மேலே எழுதிய அதே பதின்மூன்று வெள்ளை நகர்வுகளையும் பன்னிரண்டு கறுப்பு நகர்வுகளையும் ஆடினார்கள். பிறகு ஆய்வே குதிரை×சி3 ஆடினார். 14. பி×சி3 ராணி டி7 15. யானை பி1. இந்த இடத்தில் நிறுத்திப் பலகையைப் பாருங்கள். வெள்ளையின் பி-சிப்பாய் சி3-க்குப் போனதால் பி-வரிசை முழுவதும் திறந்துவிட்டது. ராணிகள் பி5-இல் வெட்டுப்பட்டதும் அந்தக் கட்டத்தில் யானை வந்து நிற்கிறது. அதன்பின் 21-ஆவது நகர்வில் யானை பி8. அந்த யானை எட்டாம் வரிசையில் எஃப்8 மந்திரியை நோக்கி நிற்கிறது. மந்திரி நகர்ந்தால் எச்8 யானை போகும். அடுத்த நகர்வில் ஏ7 சிப்பாய் விழுந்தது. ஜி-சிப்பாயைத் தள்ளி மந்திரிக்கு ஜி7-இல் இடம் தேடுவதற்குள் வெள்ளையின் ஏ-சிப்பாய் ஓடத் தொடங்கிவிட்டது. அது ஏ6-ஐ அடைந்த பிறகு, 32-ஆவது நகர்வில் ஆய்வே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

நான் ஆடிய ராணி டி7-இல் நடப்பது வேறு. வெள்ளையின் பி-சிப்பாய் பி2-இலேயே நிற்கிறது, பி-வரிசை திறப்பதில்லை. இ6-இல் இருந்த என் சிப்பாய் டி5-க்குப் போய்விடுவதால் ராஜாவுக்கு இ6 கட்டம் காலியாகிறது. ராஜா முன்னே போனதும் மந்திரிக்கு வழி கிடைக்கிறது. டி5 சிப்பாய் தனித்து நிற்பது பலவீனம்தான். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ராஜா காவல் இருக்கிறது. 18-இல் மந்திரியை பி4-இல் வைத்ததற்கும் காரணம் உண்டு. அங்கிருந்து அது இ1 கட்டத்தைப் பார்க்கிறது. எச்1 யானை இ1-க்கு வந்து என் ராஜாவை நோக்கி நின்றால் தொல்லை, அதை முன்கூட்டியே தடுக்கிறேன். என் எதிரில் இருந்தவருக்கும் இது தெரியும். அதனால்தான் அவர் 19-இல் ஏ3 ஆடி மந்திரியை விரட்டினார்.

மே 23

ஒரு திருத்தம், ஒரு மறுப்பு. முந்தைய குறிப்பின் கீழே ஒருவர் ‘உலகச் சாம்பியன் ஃபிஷரிடம் தோற்றதில் என்ன வெட்கம்’ என்று எழுதியிருக்கிறார். 1960-இல் ஃபிஷருக்கு வயது பதினேழு. அவர் உலகச் சாம்பியனானது 1972-இல். அந்தப் பலகையில் இருந்த முன்னாள் உலகச் சாம்பியன் ஆய்வேதான், 1935 முதல் 1937 வரை.

மறுப்பு இன்னொருவருக்கு. ஆய்வே 13-ஆவது நகர்விலேயே தோற்றுவிட்டார் என்பது மிகை. அந்த நகர்வு அவருக்கு வசதியற்ற நிலையைத் தந்தது, அவ்வளவுதான். அதன் பிறகும் பல இடங்களில் இன்னும் உறுதியாகத் தடுத்திருக்க முடியும். கணினியில் செஸ் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு பெரியவர்களின் ஆட்டத்துக்குத் தீர்ப்பு எழுதுவது இப்போது எல்லாருக்கும் எளிதாகிவிட்டது. எனக்கும்தான்.

மே 25, ஞாயிறு

இன்று சுற்று இல்லாததால் சற்று நீளமாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் வந்தும் கேள்வியில் கணக்குக்கு வராத ஒரு சொல் ‘லீக்’. தனிநபர் போட்டியில் இந்த வரிசையைப் பற்றிக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கலாம்.

எங்கள் லீக்கில் நான்கு பலகைகள். போட்டியை வென்றால் இரண்டு புள்ளி, சமன் செய்தால் ஒன்று. 4–0 என்று வென்றாலும் 2½–1½ என்று வென்றாலும் அதே இரண்டு புள்ளிதான். பலகைப் புள்ளிகள், அணிகள் சமநிலையில் முடிந்தால் மட்டுமே கணக்குக்கு வரும். ஒலிம்பியாடிலும் 2008-இலிருந்து போட்டிப் புள்ளி முறைதான். இதனால் ஒவ்வொரு ஆட்டக்காரரும் இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஆடுகிறார். ஒன்று எதிரே இருக்கும் பலகையில். மற்றது பக்கத்துப் பலகைகளில் நடக்கிறது, அதில் கைவைக்க முடியாது.

அன்று நடந்தது இது. எங்களுக்கு இரண்டாம், நான்காம் பலகைகளில் கறுப்பு. நான்காம் பலகையில் காக்கா, எதிராளியின் ராஜாவை நடுப்பலகையில் பிடித்து, மற்ற மூன்று பலகைகளும் பாதிகூடத் தாண்டாத நிலையில் வென்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பிறகு முதல் பலகையில் நாங்கள் தோற்றோம், மூன்றாம் பலகையில் வென்றோம். 2–1. என் பலகை மட்டும் மிச்சம். எனக்கு டிரா போதும். என் எதிரில் இருந்த ராமேஸ்வரத்துத் தம்பி வென்றால்தான் அவர்கள் அணிக்கு ஒரு புள்ளியாவது கிடைக்கும்.

இப்போது இந்த நிலையிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். வென்றே ஆக வேண்டிய ஒருவர் எதற்காக ராணிகளை வெட்டிக்கொண்டு, மந்திரிகளையும் வெட்டிக்கொண்டு, யானைகள் மட்டுமுள்ள இறுதியாட்டத்துக்கு வந்தார்? அவர் அந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தபோது போட்டி 0–0. முதல் சில நிமிடங்களில் ஓப்பனிங்கைத் தேர்ந்துவிடுகிறோம், அணிக்கு என்ன தேவை என்பது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிகிறது. அணிப் போட்டியில் எந்த ஓப்பனிங்கையும் நான் இந்த ஒரு அளவுகோலால்தான் பார்க்கிறேன். முடிவை மாற்றிக்கொள்ள அது எவ்வளவு நேரம் வரை இடம் தருகிறது? கூர்மையானதா, மந்தமானதா என்ற கேள்வி இதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டிக்கு முந்திய நாளே நான் பேசத் தொடங்கியதும் காக்கா சொன்னது: “வலையை இறக்குறதுக்கு முன்னாடியே மீனுக்கு விலை பேசாதீக தம்பி.”

மே 25, இரவு

அணித்தலைவர் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னதைப் பார்த்ததாக மண்டபத்துக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், வந்தார். டிராவுக்கு ஒப்புக்கொள்ளலாம், டிரா கேட்கலாம் என்று போட்டி நிலவரத்தை வைத்துச் சொல்ல அணித்தலைவருக்கு அனுமதி உண்டு. பலகையில் உள்ள நிலையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. எங்கள் அணித்தலைவர் ‘டிரா கேளுங்கள்’ என்றார். கேட்டேன். அந்தத் தம்பி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

மறுப்பதிலும் ஆபத்து உண்டு. 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடின் பத்தாம் சுற்றில், இந்தியாவின் இரண்டாம் அணி உஸ்பெகிஸ்தானுடன் மோதியபோது, முதல் பலகையில் குகேஷ் தமக்குச் சாதகமான நிலையிலிருந்து வெற்றிக்காக நெருக்கிக்கொண்டே போய், அப்துசத்தோரவிடம் தோற்றார். போட்டி 2–2 என்று முடிந்தது. கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், அந்த இந்திய அணிக்கு வெண்கலம். எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று அந்தத் தொடரைத் தொடங்கியவருக்கே அணிப் போட்டியின் பாரம் அப்படி இருந்தது.

மே 28

19-ஆவது நகர்வுக்குப் பின் நடந்ததையும் பதிவு செய்துவிடுகிறேன். ‘அதன் பிறகு ஒன்றுமில்லை’ என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

19. ஏ3 யானை எச்8-இலிருந்து சி8, செக் 20. ராஜா பி1 மந்திரி சி5. வெள்ளை மந்திரி விலகினால் எஃப்2 சிப்பாய் விழும். ஆகவே 21. மந்திரி×சி5 யானை×சி5 22. யானை எச்1-இலிருந்து இ1, செக், ராஜா டி6 23. யானை டி4 ஏ5 24. யானை இ1-இலிருந்து டி1 யானை இ8.

வெள்ளையின் இந்த 24-ஆவது நகர்வைப் பற்றி எனக்கு இரண்டு எண்ணங்கள் உண்டு. அன்று பலகையில் அதைப் பார்த்தபோது மகிழ்ந்தேன். டி5 சிப்பாயைத் தாக்க இரண்டு யானைகளையும் ஒரே வரிசையில் அடுக்கியதால் இ-வரிசை முழுவதும் எனக்குக் கிடைத்தது. சிப்பாயை ராஜாவும் சி5 யானையும் காக்கின்றன, விழாது. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோது, அவர் தெரிந்தேதான் அதைச் செய்திருக்கிறார் என்று தோன்றியது. போட்டி அப்போது எங்களுக்குச் சாதகமாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. சமநிலையை உடைக்க வேண்டும், உடைத்தால் யாருக்கு லாபம் என்பது பிறகு தெரியட்டும் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். என் யானை இ-வரிசையில் இறங்கி இ1-இல் செக் கொடுத்து, எச்1-க்குப் போய் எச்2 சிப்பாயைத் தொட்டது. அவருடைய எச்2 போனது, என்னுடைய டி5-உம் போனது. ஒரு ஜோடி யானைகள் வெட்டுப்பட்டன. அவருக்கு ஏ, பி சிப்பாய்கள். எனக்கு எச்-வரிசையில் ஓடுவதற்கு ஒரு சிப்பாய். அவருடைய ராஜா அவருடைய சிப்பாய்களின் பக்கத்திலும் என்னுடையது நடுவிலும் இருந்தன. இருவருக்கும் கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. 30 விநாடி கூடுதல் நேரம் உள்ள ஆட்டத்தில் எவ்வளவு நேரம் குறைந்தாலும் நகர்வுகளை எழுதுவதை நிறுத்தக் கூடாது என்பது விதி. கச்சான் காற்று சன்னல் வழியே ஸ்கோர் ஷீட்டைத் தூக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காயை நகர்த்தி, கடிகாரத்தை அழுத்தி, பிறகு எழுத வேண்டும். முடிவில் ஆளுக்கொரு சிப்பாய் கடைசிக் கட்டத்தை நெருங்க, ஆளுக்கொரு யானையைக் கொடுத்து அதை நிறுத்தினோம். பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சின. டிரா. அணிக்கு 2½.

கேள்வி கேட்டவர் ராணிகள் போனதும் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார் என்று நம்பத் தகுந்த சாட்சி ஒருவர் சொல்கிறார். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் எங்கள் நான்காம் பலகைக்காரர்.

மே 28, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியது வெள்ளைக்கு வேறு வழியே இல்லை என்பதுபோல் ஒலிக்கிறது. இருந்தது. 19-இல் ஏ3 ஆடாமல் ராஜாவை பி1-க்கு நகர்த்திப் பொறுத்திருந்தால் மந்திரிகள் இன்னும் சிறிது காலம் பலகையில் இருந்திருக்கும். மந்திரியும் யானையும் சேர்ந்திருக்கும் நிலையில் டி5 சிப்பாயைக் காப்பது கறுப்புக்கு இன்னும் அலுப்பான வேலை. மே 25 குறிப்பில் சொன்ன அளவுகோலின்படி, வெள்ளைக்கு முடிவை மாற்றிக்கொள்ளக் கிடைத்த கடைசி வசதியான இடம் அந்த 19-ஆவது நகர்வு. அப்போது காக்கா வென்றுவிட்டிருந்தார். எதிரணித் தம்பி ஒருமுறை தலையை உயர்த்தி அந்தப் பலகையைப் பார்த்திருந்தால் போதும். அவர் பார்க்கவில்லை. குனிந்தபடியே நினைவிலிருந்து ஏ3 ஆடினார்.

ஆக, தேவிபட்டினத்து நண்பரே, உங்கள் குற்றச்சாட்டில் ஒரு பகுதியை ஏற்கிறேன். மனப்பாடத்தால் கெடுதல் வந்தது. ஆனால் அது தொடக்கத்தில் வரவில்லை, மனப்பாடம் முடிய வேண்டிய இடத்தைத் தாண்டியும் தொடர்ந்தபோதுதான் வந்தது.

ஜூன் 2

இப்போது மகளைப் பற்றி. பயிற்சியாளர் 14-ஆவது நகர்வு வரை எழுதிக் கொடுத்து, ‘இதற்குப் பிறகு சமம்’ என்று முடித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு ஆட்சேபம். வரிசையை மாற்றச் சொல்லாதீர்கள், மீதியைக் கற்பிக்கச் சொல்லுங்கள். இந்த ஓப்பனிங்கை ஆடும் பிள்ளைக்கு யானை இறுதியாட்டம் தெரிந்தே இருக்க வேண்டும். ராஜாவை எப்போது முன்னே நடத்துவது, யானையைச் சிப்பாய்க்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா, எந்தச் சிப்பாயைக் கொடுத்து நேரம் வாங்குவது என்பவற்றைப் பதின்மூன்று வயதில் கற்றுக்கொண்டால், நாற்பதாவது நகர்வில் பெரியவர்களோடு சரிசமமாக உட்கார முடியும். நான் இவற்றையெல்லாம் மிகவும் தாமதமாகக் கற்றவன். இளமையில் எங்கள் பக்கத்தில் எல்லாரும் நான்கு நகர்வில் செக்மேட் செய்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. அவளுக்கு நடுப்பலகைச் சண்டை பிடிக்குமானால், ஓப்பனிங்கை மாற்றாமலே அதைத் தேடிக்கொள்ளலாம். ஒன்பதாவது நகர்வில் இ6-க்குப் பதில் குதிரையை டி5-இலிருந்து பி6-க்கு இழுத்துக்கொள்ளட்டும். ராணிகள் பலகையில் இருக்கும், வெள்ளையின் எஃப்-வரிசை இரட்டைச் சிப்பாயும் இருக்கும். வெள்ளை 10. மந்திரி இ3 ஆடினால் இ6, பிறகு வெள்ளை ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்யும், கறுப்பு மந்திரி இ7 ஆடும். திறந்த ஜி-வரிசையில் ஒரு யானை வந்து நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேஸ்லிங் செய்ய வேண்டும். வெள்ளை 10. டி5 என்று முன்னே தள்ளினால் குதிரை டி4, 11. மந்திரி பி5 செக், குதிரை டி7, 12. ராணி ஏ4 குதிரை×பி5 13. ராணி×பி5 ஜி6. வெள்ளை ராணி டி7 குதிரையை ராஜாவோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதால், மந்திரியை ஜி7-இல் வைத்துச் சீக்கிரம் கேஸ்லிங் செய்வதுதான் கறுப்பின் முதல் வேலை. அதன் பிறகு இ-வரிசையில் வெள்ளை யானை வந்து இ7 சிப்பாயை நெருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

எந்த நாளில் எதை ஆடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். எதிரணி யார், கறுப்பா வெள்ளையா, முன் சுற்றில் அணி எப்படி இருந்தது என்று பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் அப்போதுதான் வரும்.

ஜூன் 4

இல்லை, இரண்டையும் ஒரே வாரத்தில் கற்க வேண்டியதில்லை. முதுகுளத்தூர் நண்பர் சொல்வதுபோல் மூன்றாவதாக ஐந்தாம் நகர்வில் இ6 ஆடும் முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நல்ல முறைதான், நானே ஆடியிருக்கிறேன். ஆனால் அதில் வரும் நிலைகள் வேறு குடும்பம்.

ஜூன் 9

நேற்றைய சுற்றில் தேவிபட்டினம் அணிக்கு மூன்றாம் பலகையில் கறுப்பு. எங்கள் போட்டி சீக்கிரம் முடிந்ததால் அந்தப் பலகையைப் பார்க்க எனக்கு வாய்த்தது. பெண் குதிரையை பி6-க்கு இழுத்தாள். எதிராளி நெடுநேரம் யோசித்து 10. டி5 தள்ளினார். அங்கிருந்து 13-ஆவது நகர்வு வரை மேலே எழுதிய வரிசையே வந்தது. வெள்ளை கேஸ்லிங் செய்தது, அவள் மந்திரியை ஜி7-இல் வைத்தாள், வெள்ளை யானை இ1-க்கு வந்தது, அவள் கேஸ்லிங் செய்தாள். அதன்பின் அவளுடைய தந்தை என்னிடம் வந்து, “சார், இப்போது நிலைமை எப்படி?” என்று கேட்டார். ஆட்டம் நடக்கும்போது கூடத்தில் அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டேன். வெளியேயும் சொல்லவில்லை. எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

அவள் தோற்றாள். இ7 சிப்பாயைக் காப்பதிலேயே காய்கள் எல்லாம் கட்டுண்டு, பி7 சிப்பாய் போய், பிறகு அது நீண்ட தோல்வியாக முடிந்தது. அணி 2–2.

அவளுடைய தந்தை இரவு எழுதியது: ‘முந்தைய வரிசையே மேல் என்கிறாள்.’ நான் கேட்டது ஒன்றுதான். தோற்றதால் அப்படிச் சொல்கிறாளா, அந்த நிலையைப் பிடிக்காததால் சொல்கிறாளா? இரண்டாவதானால் அது நல்ல காரணம். முதலாவதானால் இன்னொரு முறை ஆடிப் பார்க்கட்டும்.

ஜூன் 16

தந்தையிடமிருந்து பதில் வந்தது. எஃப்8-இல் மந்திரி அடைபட்டு, ராஜா இ7-இல் நிற்கும் நிலையில் தனக்குப் பயமில்லை என்றும், ராஜாவைக் கேஸ்லிங் செய்து ஒளித்துவைத்துவிட்டு இ7 சிப்பாய்க்குக் காவல் இருப்பதுதான் அலுப்பு என்றும் மகள் சொல்கிறாளாம். பதின்மூன்று வயதில் ராஜாவை நடத்தப் பயப்படாத பிள்ளைக்கு ஒன்பதாவது நகர்வில் இ6 ஆடுவதே பொருத்தம். பயிற்சியாளர் யானை இறுதியாட்டங்களை இந்த வாரம் தொடங்கிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார்.

தடைக்காலம் ஜூன் 14-உடன் முடிந்தது. காக்கா கடலுக்குப் போய்விட்டார். அடுத்த சுற்றில் நான்காம் பலகைக்கு மாற்று ஆட்டக்காரர் வருகிறார். அவர் காரோ-கானுக்கு எதிராக மூன்றாவது நகர்விலேயே இ5 தள்ளும் முறையைக் கேட்டிருக்கிறார். அதைப் பற்றி எழுதத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே சேர்த்தால் இரண்டும் கலங்கிவிடும்.